ஐந்து பேரில் ஒருவர்

தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முத்திரை குத்துமுன் ஒவ்வொரு கார்டையும் படித்துவிடுவார். பாலிடெக்னிக் முடித்த புதிதில் நான் ஒரு வெளிநாட்டு வானொலிக்கு மாதம் ஒரு கார்டு அனுப்புவேன். எனக்கு உயிரான ப்ளூஸ், ராக் பாடகர்கள் ஐவரின் பெயர்களை எண் போட்டு எழுதி, யாராவது ஒருவரின் பாட்டை என் பெயர் சொல்லிப் போடும்படி கேட்பேன். ஞாயிறு மாலை நேயர் விருப்பத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். ஒரே ஒரு ஞாயிறு வரதர் கோயில் உற்சவக் கூட்டத்தில் சிக்கி நிகழ்ச்சியைத் தவறவிட்டேன்.

மறுநாள் என்னைக் கண்டதும் தபாலாபீஸ்காரர் எழுந்து நின்றார்.

"ரேடியோவுல உன் பேரைச் சொல்லிட்டாம்மா! காஞ்சிபுரம்னு சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்கிச்சு அவனுக்கு."

"நீங்க கேட்டீங்களா சார்?"

"வாராவாரம் கேட்டுக்கினுதானே இருக்கேன்."

"அஞ்சு பேர்ல யார் பாட்டு?"

"அது தெரியலியேமா. யாரோ கிழவன், அழுவுற மாதிரி ஆரம்பிச்சான்." கண்ணை மூடி மெல்ல முனகிக் காட்டினார்.

"இன்னா சார், கவுண்டர்ல கச்சேரியா?" என்றார் வரிசையில் நின்றவர். இவர் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

அந்த ஐவரின் பாட்டுகளையும் பிறகு தேடித் தேடிக் கேட்டேன். அவர் முனகிய மெட்டு எதிலும் அகப்படவில்லை. ஆனாலும் யார் பாடினாலும், அவர் நிறுத்திய இடத்திலிருந்து மிச்சம் வருமா என்று காத்திருக்கிறேன்.