இடது கண்ணுக்கு எத்தனை மார்க்

மங்கியது டார்ச் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கண்ணில் மட்டும் வெளிச்சம் குறைந்து இதைப் படிக்கிறவர்கள், என்னைப் போலவே வேறு எதையாவது குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். பல்பை, பழைய மூக்குக் கண்ணாடியை, கரண்ட்டை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வயர், சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் இருந்தாலும் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது டார்ச்தான். சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குகிறவர்கள், காட்டுப் பன்றியை விரட்ட நல்ல டார்ச் வேண்டுமென்று நேராக என்னிடம்தான் வருவார்கள்.

அவர்கள் வருவது பகலில். பட்டப்பகலில் டார்ச்சின் வெளிச்சத்தை எப்படிக் காட்டுவது? அதற்காக ஓர் அட்டைப்பெட்டிக்குள் கறுப்புக் காகிதம் ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து, இந்தப் பக்கம் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். ஒன்றில் டார்ச்சை நுழைக்க வேண்டும், மற்றதில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வலது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்தால் ஓட்டைக்கு நேராக வருவது என் இடது கண். வருஷக்கணக்கான பழக்கம்.

ஐந்நூறு லூமன் (வெளிச்சத்தின் அளவு) டார்ச்சையும் ஆயிரம் லூமன் டார்ச்சையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, ரெண்டு மடங்குன்னு போட்டிருக்குது, கொஞ்சந்தான தூக்கலா இருக்குது?” என்று கேட்காத ஆளே கிடையாது. டார்ச் ஏமாற்றவில்லை, கண்ணின் குணம் அப்படி. வெளிச்சம் ஏறினாலும் இறங்கினாலும் கண் அதைக் குறைத்துத்தான் நம்மிடம் சொல்லும். இரண்டு மடங்கு என்று அது ஒத்துக்கொள்ள, வெளிச்சத்தை நாலு மடங்காவது ஏற்ற வேண்டும். கல்லாவில் நின்றுகொண்டு இந்தக் கணக்கை ஊருக்கே சொன்னவன் நான்.

அந்த வாரம் சேலத்திலிருந்து புது டார்ச் ஒரு பெட்டி வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே மந்தம். சித்தேரி பொன்னுசாமி அப்போது கடையில் இருந்தார். எனக்கு வெகுநாள் வாடிக்கையாளர். அவரும் குனிந்து பார்த்தார்.

“நல்லாத்தாங்க எரியுது” என்றார்.

“உங்களுக்கு என்னங்க தெரியும், நான் பாக்காத டார்ச்சா?” என்று அவர் வாயை அடைத்தேன். பெட்டியை அப்படியே சேலத்துக்குத் திருப்பி அனுப்பினேன். மொத்த வியாபாரி போனில் கூப்பிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே என்றார். அவரையும் விடவில்லை, ஒரு பிடி பிடித்தேன்.

அதற்குப் பதிலாக வந்த இரண்டாவது பெட்டியும் மந்தமாகத் தெரிந்தபோது என் மனைவி கலா அட்டைப்பெட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கண்ண மாத்தி வச்சிப் பாருங்க” என்றாள்.

வலது கண்ணை வைத்தேன். வெள்ளைத் தாள் பளீரென்று இருந்தது. மறுபடி இடது கண்ணை வைத்தேன். அதே டார்ச், அதே தாள், ஆனால் நடுவில் யாரோ அழுக்குத் துணியைக் கட்டிவிட்டதைப் போல இருந்தது. சில நாட்களாகவே அந்தக் கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. தூக்கம் போதவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பேனா அளவு டார்ச் ஒன்றை இரண்டு கண்களிலும் மாற்றி மாற்றி அடித்தார். என் கடையில் அந்த டார்ச்சை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று அந்தப் பயத்திலும் நினைத்துக்கொண்டேன். வலது கண்ணில் அடித்தால் பாப்பா (கண்ணின் நடுவில் உள்ள கருவட்டம்) சுருங்குகிறது, அதையே இடது கண்ணுக்கு மாற்றினால் சுருங்காமல் விரிகிறது என்றார். அந்தக் கண்ணுக்கு அது வெளிச்சமாகவே படவில்லை.

“வலது கண்ல தெரியற வெளிச்சத்துக்கு நூறு மார்க் போட்டா, இடது கண்ணுக்கு எவ்வளவு போடுவீங்க?”

“அம்பது போடலாங்க.”

அவர் கறுத்த கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றாக என் வலது கண் முன்னால் அடுக்கிக்கொண்டே, டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். இரண்டு பாப்பாவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் வரை அடுக்கினார். அந்த அடுக்கைக் கையில் வாங்கி, அதன் வழியாக வலது கண்ணால் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் இருண்டு கிடந்தது.

“நீங்க அம்பதுன்னு சொல்றீங்க. உள்ள போய்ச் சேர்றது அதைவிட ரொம்பக் கம்மிங்க.”

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் ஊருக்குச் சொன்ன கணக்குதான் அது, இறங்குமுகமாக. என் கண் முக்கால்வாசிக்கு மேல் இழந்துவிட்டு, பாதிதான் போயிற்று என்று என்னிடமே சொல்லியிருக்கிறது. முதல் வாரத்தில் அது கால்வாசியை இழந்திருந்தால் நான் எதையுமே கவனித்திருக்க மாட்டேன்.

நோயின் பெயர் ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வரும் அழற்சி). நிறையப் பேருக்குப் பார்வை திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னொரு கண்ணுக்கும் வரலாம், மூளையில் வேறு இடத்திலும் இருக்கலாம், அதனால் எம்.ஆர்.ஐ. (காந்தத்தைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமெடுப்பது) பார்த்தாக வேண்டும் என்றார். ‘இன்னொரு கண்’ என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் நிற்கவில்லை. கலாதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே சேர்த்தார்கள். ஸ்டீராய்டு (அழற்சியைக் குறைக்கும் மருந்து) ரத்தக்குழாய் வழியாக ஏறியது. வாயெல்லாம் இரும்புக் கசப்பு, அடங்காத பசி, காரணமில்லாத கோபம். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருந்தபோது அதன் தட தட சத்தத்தில் நான் வலது கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

கலா கடையிலிருந்து ஒரு டார்ச்சைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். டார்ச்சை எரியவிட்டு உள்ளங்கையில் அழுத்தினால் சதை சிவப்பாக ஒளிரும். பாட்டரி பார்க்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். வலது கண்ணுக்கு அந்தச் சிவப்பு பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வரும் பழுத்த தக்காளி. இடது கண்ணுக்கு அது வெளுத்துப்போன செங்கல்.

தினமும் காலையில் அவள் கேட்பாள், “எவ்வளவுங்க?”

இரண்டாம் நாள் அம்பது நாற்பதாக இறங்கியிருந்தது. நான் “அறுவது” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் எழுபது ஆக்கினேன். அன்று டாக்டரம்மா கண்ணாடித் துண்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் முன்னேற்றம் இல்லை, பொறுக்கலாம் என்று அவள் எதிரிலேயே சொன்னார். அவர் போன பிறகு கலா கட்டிலின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

“மார்க்கக் கூட்டிச் சொன்னா கண்ணு பாஸாயிடுமா? நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேன், தெரியுங்களா?”

அழுதாள். நானும் அழுதேன். இனி உள்ளதைச் சொல்வதென்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

எம்.ஆர்.ஐ.யில் மூளை சுத்தமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் எதுவும் இல்லை. “திரும்ப வராதுன்னு சொல்லுங்க” என்று டாக்டரிடம் கெஞ்சினேன். “வர்ற வாய்ப்பு கம்மின்னு சொல்லலாம். வராதுன்னு சொல்ல முடியாதுங்க” என்றார். பொய் சொல்லாத ஆள் என்பதால் அவர்மேல் கோபமாகவும் வந்தது, நம்பிக்கையும் வந்தது.

வலி முதலில் போயிற்று. வெளிச்சம் மெதுவாக, ஏறுவதே தெரியாமல் ஏறியது. நாற்பது அம்பதாகி, வீட்டுக்கு எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை குறையக் குறைய எழுபதைத் தொட்டது. உள்ளங்கையின் வெளுத்த சிவப்பில் கொஞ்சம் ரத்த நிறம் ஊறியது. முகம் மட்டும் மாத்திரையால் உப்பிப்போய், கடைக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று கேலி பேசினார்கள்.

மலையில் பொன்னுசாமி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். கண் எண்பதில் இருந்ததால் தைரியமாகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி உச்சி வெயிலில் மேட்டில் ஏறினேன். பாதி வழியில் இடது கண் முழுக்க மங்கியது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரே வந்த ஆள் வெறும் நிழலாகத் தெரிந்தார்.

திரும்ப வந்துவிட்டது, இனி வலது கண்ணும் போகும் என்றே முடிவு கட்டினேன். புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த ஆள் பொன்னுசாமிதான், என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார்.

“அண்ணா, என்னாங்க ஆச்சு? வூடு பக்கந்தான், தோள்ல கையப் போடுங்க” என்றார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். என் கடையில் வாங்கி அவர் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் டார்ச்சைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் அழுத்தினேன். செங்கல். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உடம்பு ஆற ஆற, செங்கலில் சிவப்பு ஏறியது. கொஞ்ச நேரத்தில் பழைய எண்பது வந்துவிட்டது.

உடம்பு சூடானால் காயம்பட்ட நரம்பு தற்காலிகமாகத் தளரும், அது புது நோய் இல்லை என்று டாக்டர் போனில் விளக்கினார். உங்களுக்கும் வெயிலிலோ வெந்நீர்க் குளியலிலோ அப்படி நேர்ந்தால் முதலில் நிழலுக்குப் போங்கள். ஆறிய பிறகும் திரும்பாவிட்டால், வலி சேர்ந்துகொண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நானாக மருந்து சொல்ல மாட்டேன்.

இன்னொன்றுக்கும் பழக வேண்டியிருக்கிறது. கடை முன்னால் கயிற்றில் தொங்கவிட்ட டார்ச் காற்றில் இடவலமாக நேராகத்தான் ஆடும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் எனக்கு அது வட்டம் போடுகிறது, பக்கம் வந்து தள்ளிப் போகிறது. ஒரு கண்ணை மூடினால் நேராகிவிடுகிறது. மங்கிய கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போகிறதாம். என் இரண்டு கண்களும் இப்போது ஒரே நேரத்தில் இல்லை. ரோட்டைக் கடக்கும்போது பஸ் முழுதாக நிற்கும் வரை நின்றுவிடுகிறேன்.

தினமும் கடை திறக்கும் முன் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்துவது தொடர்கிறது. இன்று காலை கலா ஷட்டர் பூட்டைத் திறந்துவிட்டு, “எவ்வளவுங்க?” என்றாள்.

“தொண்ணூறு.”

அவள் நம்பவில்லை. தன் கையாலேயே என் வலது கண்ணைப் பொத்தி, மறுபடி பார்க்கச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடந்து வந்த சூடு உடம்பில் இருந்தது. முதலில் செங்கலாகத் தெரிந்ததால், சூடு ஆறிச் சிவப்பு வரும்வரை டார்ச்சை அழுத்தியபடியே நின்றேன்.

“எண்பத்தஞ்சு” என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினாள்.