கோணல் எண்ணிய முகடுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கோணல் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறவியிலேயே அவள் கழுத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அவள் பார்த்த வேலையும் கோணல்களை அளப்பதுதான். ஒரே சொல்லில் இரண்டையும் பிடித்துவிட்டதாகப் பெயர் வைத்த குழுத் தலைவருக்கு ஏகப் பெருமை. முதல் தடவை கேட்டபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளி நம்மிடம் வரும் வழியில், கண்ணுக்குத் தெரியாத பொருள் குவிந்து கிடக்கும் இடங்களைக் கடந்து வருகிறது. அந்தப் பொருளின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால், திரளின் உருவம் மயிரிழை அளவு இழுபட்டுக் கோணலாகத் தெரியும். ஒரு திரளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் சொந்த வடிவமே ஒரு தினுசாக இருக்கும். கோடிக்கணக்கில் அளந்து சராசரி எடுத்தால்தான் பொருள் எங்கே குவிந்திருக்கிறது என்ற வரைபடம் கிடைக்கும். அதில் பொருள் குவிந்த இடங்கள் முகடுகளாக எழும்பி நிற்கும். எந்த உயரத்தில் எத்தனை முகடுகள் என்று எண்ணி, கணினியில் உருவாக்கிய பிரபஞ்சங்களோடு ஒப்பிட்டால், எந்தக் கொள்கை தேறும், எது தேறாது என்று சொல்லலாம். வரைபடத்தின் ஓரங்களில் வரும் பொய் முகடுகளைக் கழிப்பது உட்பட, அந்த எண்ணும் முறையை ஒற்றை ஆளாக உட்கார்ந்து உருவாக்கியவள் கோணல்.

தலைவர் அவளிடம் ஒரு வானத் தரவைக் கொடுத்தார்.

"இது அசல்ம்மா. உன் கையிலதான் முதல்ல தர்றேன்."

முதல் மாதமே அவள் முகடுகளை எண்ணி முடித்தாள். உயரமான முகடுகள் குறைவாக வந்தன. எல்லோரும் நம்பிய கொள்கைப்படி இருக்கவேண்டியதைவிடப் பிரபஞ்சத்தில் பொருள் குறைவாகத்தான் திரண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. தொலைநோக்கியின் குறையா என்று பார்த்தாள். தூரக் கணக்கில் பிசகா என்று பார்த்தாள். வேறு வழியில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டாள். விடை அசையவில்லை. இரண்டு வருடம் இதிலேயே போயிற்று. எதிர் மேசைக்காரன் தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவான். ஒவ்வொரு சந்தேகத்தையும் அவனிடம்தான் சொல்வாள். "நீ கெளப்புற கெளப்புல பழைய கொள்கையெல்லாம் மூட்டை கட்டப் போகுது, பாரு" என்பான்.

முடிவை அறிவிக்கும் நாள் வந்தது. "வீட்டுலேர்ந்தும் யாரையாவது கூட்டிட்டு வாம்மா" என்றார் தலைவர். அவளுக்கு அக்கா ஒருத்திதான். கண்ணாடிக் கடை வைத்திருந்த அக்கா, கடையைப் பூட்டிவிட்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

கோணல் பேசி முடித்தாள். கைதட்டல் நிற்காமல் நீண்டது. தலைவர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"பிரமாதம்! நாங்க ஒளிச்சு வச்ச நம்பரை அப்படியே கண்டுபிடிச்சுட்டா. அந்தத் தரவு அசல் இல்ல. வடிவங்களை நாங்கதான் கொஞ்சம் மாத்தி வச்சோம். முறை வேலை செய்யுதான்னு பாக்கணுமில்ல? சொல்லிட்டா அது பரிசோதனையே இல்லையே!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கோணல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வரைபடம் இன்னும் அதில் இருந்தது.

அக்கா எழுந்தாள். "யார் யாருக்கு இது முன்னாடியே தெரியும்? கை தூக்குங்க."

விளையாட்டு என்று நினைத்தோ என்னவோ, பலரும் தூக்கினார்கள். எதிர் மேசைக்காரன் தாமதித்தான். பிறகு அவனும் தூக்கினான்.

"முறையைச் சோதிச்சீங்க, சரி. மொத மாசமே விடை வந்துருச்சுன்னு இவ சொன்னாளே. அப்புறம் எதுக்கு சார் ரெண்டு வருஷம்?"

"அவ்வளவு சந்தோஷமா வேலை பாத்தாம்மா. கெடுக்க மனசு வரல" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

கோணல் மெதுவாகக் கேட்டாள்: "அசலைக் குடுங்க சார். நான் எண்ணிர்றேன்."

"அதையா?" தலைவர் எதிர் மேசைக்காரனைக் காட்டினார். "தம்பி எப்பவோ முடிச்சுட்டானே. உன் ப்ரோகிராம்லதான்."

அசல் வானத்தில் முகடுகள் பழைய கொள்கை சொன்னபடியே இருந்தன. எதிர் மேசைக்காரன் பெயர் முதலில் வர, நான்கு பேர் பெயரில் கட்டுரை வெளியானது. கடைசிப் பக்கத்தில், நன்றி சொன்ன வரிசையில், தரவைக் கணினியில் ஏற்ற உதவியவருக்குப் பின்னால் அவள் பெயர் இருந்தது. அவள் சண்டை போடவில்லை என்று சொல்ல முடியாது. மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். விசாரித்தவர் தலைவரின் பழைய மாணவர். "நகைச்சுவை உணர்வு வேணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வருடமே அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. வேறு ஊரில் ஒரு கல்லூரியில் முதலாண்டுக்காரர்களுக்கு இயற்பியல் நடத்தப் போனாள். அங்கே அவளை மேடம் என்றார்கள். முதல் வாரம் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க மறந்துபோனாள்.

பின்னொரு நாள் அந்த ஊரில் பெரிய கருத்தரங்கு நடந்தது. யாரோ ஒரு இளைஞர் முகடு எண்ணும் முறையை விளக்கினார். முறைக்கு எதிர் மேசைக்காரனின் பெயரையே வைத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து அவள் எழுந்து, வரைபடத்தின் ஓரங்களில் வரும் முகடுகளை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டாள்.

"அது நாலு பேர் எழுதின கட்டுரையில தெளிவா இருக்குங்க. ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றார் அவர், பொறுமையாக.

"சரிங்க" என்று உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள். "போனியாமே? எதுக்குடி போன? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றாள். "ஓரத்தையெல்லாம் சரியா கழிச்சிருந்தாங்க."

அக்காவுக்கு அது புரியவில்லை. புரிந்ததுபோல ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.