கரிக் காரின் முன் சீட்டு

எங்கள் தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறார். காலையில் இஸ்திரிப் பெட்டிக்குள் அடுப்புக்கரியைக் கொட்டி, ஒரு அட்டையால் படபடவென்று விசிறுவார். பொறி பறக்கும். அந்தக் கரி கனியும் வாசனை காற்றில் ஏறி எங்கள் வாசல் வரைக்கும் வரும். மற்றவர்களுக்கு அது வெறும் புகை. எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பொறாமை வந்துவிடும். சிரிக்காதீர்கள். காபி வாசனைக்கு ஆசை வருவதில்லையா, அது மாதிரிதான்.

யார் மேல் பொறாமை என்று கேட்டால், தர்மபுரியைச் சுற்றி அந்தக் காலத்தில் கல்யாணம் ஆன பாதிப் பெண்கள் மேல். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பொறாமை மட்டும் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் டிரைவர். புளி மண்டி முதலாளி ஒருவரின் காரை ஓட்டினார். அமெரிக்காவில் செய்த கார். மேலே துணிக்கூரை, வேண்டுமானால் மடித்துவிடலாம். யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. ஊரில் இருந்த ஒன்றிரண்டு கார்களும் கொட்டகையில் கோழி முட்டையிடும் இடமாகிவிட்டன. எங்கள் முதலாளி விடுவாரா? சேலத்துக்கு அனுப்பி, காருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையைப் பொருத்திக்கொண்டு வந்தார். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கை வலிக்கச் சுற்றினால் உள்ளே காற்றடித்துக் கரி கனியும். அதிலிருந்து வரும் வாயு குழாய் வழியாக இன்ஜினுக்குப் போய், பெட்ரோல் இல்லாமலே கார் ஓடும். ஓடும் என்றால், மேட்டில் ஏறாது. தொப்பூர் மலைப்பாதை வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் ஓடியது. சுற்றுவட்டாரத்தில் ஓடிய கார் அது ஒன்றுதான்.

அதைப் பார்த்து ஜனங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமே! அதியமான்கோட்டையில் ஒரு பெரியவர் உருளையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "குளிக்கறதுக்கு வெந்நி காய வெச்சிருக்கீங்களாங்க?" என்று கேட்டாராம். மார்கழிக் குளிரில் வத்தல்மலையிலிருந்து புளி கொண்டுவந்தவர்கள் மண்டி வாசலில் அதைச் சுற்றி நின்று கை காய்ச்சிக்கொள்வார்கள். கார் கொட்டகையில் தூங்குகிற பணக்காரர்கள், "அது காரா, கரியடுப்பா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். அது வயிற்றெரிச்சல் என்று ஊருக்கே தெரியும். பெண்கள் இன்னும் ஒரு படி மேலே. உருளையிலிருந்து கொட்டும் சாம்பலை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் பிள்ளைகள் நெற்றியில் பூசுவார்கள். உள்ளே நெருப்பு அணையாமல் எரிகிறது, பின்னே அது சாமி இல்லாமல் என்னவாம், என்பது அவர்கள் கட்சி.

கல்யாணத்துக்கு அந்தக் கார் வந்தால்தான் கல்யாணம் என்று ஆகிப்போயிற்று. இங்கேதான் என் கஷ்டம் ஆரம்பம். உருளை பின்னால் இருக்கிறதல்லவா, அந்தச் சூட்டில் பின் சீட்டில் பட்டுப்புடவை கட்டிய பெண்ணை உட்காரவைக்க முடியாது. வெந்துபோவாள். அதனால் பெண்ணும் மாப்பிள்ளையும் முன் சீட்டில். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, அந்த ஓரத்தில் பெண். நடுவில் மாப்பிள்ளை இருக்கிறானே, அப்புறம் என்ன என்பீர்கள். அவர் பக்கத்தில் ஒருத்தி உட்காருகிறாள் என்பதா என் வருத்தம்? அந்தச் சீட்டில் நான் உட்காரவில்லையே என்பதுதான். முகூர்த்த நாள் வந்தால் ஒருத்தி. அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னொருத்தி. வாயும் மூக்கும் சரியில்லாதவள் எல்லாம் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததும் மகாராணியாகி, தெரு சனம் முழுக்க அண்ணாந்து பார்க்கும்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். டிரைவருக்கு வாழ்க்கைப்பட்ட நான் கார் ஏறியதே இல்லை. என் கல்யாணத்தன்று காரை முதலாளி தானே ஓட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு நான் வந்தது மாட்டு வண்டியில். பக்கத்தில் டிரைவர் மாப்பிள்ளை, கையைக் காலை வைக்கத் தெரியாமல் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தார்.

கேட்காமல் இல்லை. சந்தைக்குப் போகும்போது கேட்டேன், மாரியம்மன் பண்டிகைக்குக் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். ஒரே பதில்தான். "முதலாளி வண்டி புள்ள. அவரு சொல்லாம ஏத்தக் கூடாது." சரி, முதலாளியிடம் கேளுங்களேன் என்றால், வாய் வராது. டிரைவர் வீட்டு ஆட்கள் ஏறக் கூடாது என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இருக்கிற ஆள் இல்லை என் வீட்டுக்காரர். வேறு யாராவது அவரைக் கட்டியிருந்தால் நல்ல மனுஷன் என்று நானும் மெச்சியிருப்பேன்.

ஆனால் அந்தக் காருக்காக என்னிடம் எது வேண்டுமானாலும் கேட்பார். கரி நனைந்தால் கார் நின்றுவிடும் என்று கரி மூட்டைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினார். மழைக் காலத்தில் எங்கள் கூரை ஒரு மூலையைத் தவிர எல்லா இடத்திலும் ஒழுகும். அந்த ஒழுகாத மூலை கரிக்கு. நான் ஈரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கரி சுகமாகத் தூங்கும். சக்களத்தி வந்திருந்தால்கூட ஒரு நாளாவது இடம் மாற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு வாய்த்தது இரும்புச் சக்களத்தி.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல, பாப்பாரப்பட்டியில் என் சித்தப்பா மகள் சின்னப்பொண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை மாரண்டஹள்ளி. கரிக் கார்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் முதலாளியைப் பிடித்துவிட்டார்கள். நான் பிறந்த ஊரில், என்னோடு மண் சோறு ஆக்கி விளையாடியவள், என் புருஷன் ஓட்டும் காரில் போகப்போகிறாள். நான், அந்தப் பஞ்சத்திலும் நாளுக்கு ஒரு தடவை வந்த பஸ்ஸில் மூட்டையோடு இடிபட்டுப் போய் அதைப் பார்க்க வேண்டும். போனேன். போகாமல் இருந்தால், வயிறெரிந்து வரவில்லை என்பார்கள். அது உண்மை என்பதால் கட்டாயம் போக வேண்டியதாயிற்று.

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்தது. காரை வாசலில் நிறுத்தி, கரி கனிந்தபடி இருக்க விட்டுவிட்டு அவரும் சாப்பிட உட்கார்ந்தார். நான் உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காரிடம் போயிருக்கிறார்கள். இவ்வளவு நெருப்பு இருக்கிறது, ஒரு சாம்பிராணி போடாமல் பெண்ணை எப்படி ஏற்றுவது என்று ஒரு அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. மேல் மூடியைத் திறந்து கைநிறையச் சாம்பிராணி போட்டார்கள். ஒருத்தி போட்டால் மற்றவள் சும்மா இருப்பாளா? ஆளுக்கொரு கை. யாரோ நெய்யும் ஊற்றினார்களாம். நாங்கள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவே கோயில் மாதிரி மணத்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் மட்டும் செத்துப்போயிற்று. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்ன செய்ய முடியும்? கல்யாண வீட்டுப் பெண்களை வைய முடியுமா?

சின்னப்பொண்ணு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். என் கண்ணில் கொள்ளிக்கட்டை.

கார் கிளம்பியது. சந்தைத் திடல் வரைக்கும் போயிற்று. அங்கே இருமியது, குலுங்கியது, பின்னால் கறுப்பும் மஞ்சளுமாகப் புகை கக்கிவிட்டு நின்றுவிட்டது. கரியின் வாயு வேறு, சாம்பிராணிப் புகை வேறு. பிசின் உருகி, குழாயிலும் இன்ஜினுக்குள்ளும் போய் ஒட்டிக்கொண்டது என்று பிறகு சொன்னார். அவர் கைப்பிடியைச் சுற்றினார், குழாயைக் கழற்றினார், ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல நேரம் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கத்த, ஒரு மாட்டு வண்டியைக் கொண்டுவந்து பெண்ணை அதில் ஏற்றினார்கள். வைக்கோல் மேல்.

என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. பிசினும் கரியும் முகமெல்லாம் அப்பிக்கொண்டு, கல்யாண வீட்டில் கொடுத்த புது வேட்டி பாழாகி, காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அதுவரைக்கும் காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் எல்லாம், "கரி மாப்பிள்ளை, கரி மாப்பிள்ளை" என்று கைதட்டிச் சிரித்தார்கள். சாம்பிராணி போட்ட அம்மாள், "ஓட்டத் தெரியாத ஆளை அனுப்பியிருக்காங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். என் சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஊர் காரைப் புகழ்ந்தபோது எனக்கு எரிந்தது. அவரை ஏசியபோது அதைவிட எரிந்தது. அந்த அம்மாளிடம் போய், சாம்பிராணி போட்ட கையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். உள்ளங்கையில் நெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டே கையை மடக்கிக்கொண்டு மாட்டு வண்டியைப் பிடிக்க ஓடினாள்.

ராத்திரி எங்கள் அம்மா வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் காரைத் தர்மபுரிக்குக் கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. என் அண்ணன் தன் ஏர் மாடுகளை ஓட்டி வந்து, நுகத்தடியிலிருந்து காரின் முன்பக்கத்துக்கு வடக்கயிறு கட்டினார். மாடுகளோடு அவர் நடக்க, என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். நான் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கலாம் என்று புறப்பட்டேன்.

"எங்க போற? ஏறு" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "முதலாளிய கேக்கலீங்களே?"

"ஓடற வண்டிக்குத்தான் முதலாளியக் கேக்கணும். நிக்கற வண்டிக்கு யாரைக் கேக்கறது? ஏறு புள்ள."

அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு மாட்டைத் தட்டிக்கொடுத்தார். நான் ஏறினேன். நடுவில் மூட்டையைக்கூட வைக்கவில்லை, காலடியில் போட்டுக்கொண்டேன்.

வழி நெடுகச் சிரிப்புதான். ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மாடு மேய்க்கிறவர்கள், "மாட்டுக்குப் பெட்ரோல் ஊத்துனீங்களாங்க?" என்று அண்ணனைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடாத காரின் ஸ்டியரிங்கை உயிரே அதில்தான் இருக்கிறது என்பது போல் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தேன். கரியில் தோய்ந்த சீட்டு. என் புடவை போனது போனதுதான். போகட்டுமே!

ஒரு கேழ்வரகுக் காட்டோரம் ஒரு பெண் களை பறித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் வரப்பில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. களைக்கொத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு புருஷனிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நீ சிரி. அந்த ஆளு பொண்டாட்டியப் பக்கத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறான்."

அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா என்ன? வருஷக்கணக்காக நானே பார்த்த பார்வைதானே. வீட்டுக்கு வந்ததும் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டேன். எனக்குக்கூடக் கண் படும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. உருளையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கொஞ்ச நாளில் முதலாளி காரையும் சேலத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். என் வீட்டுக்காரர் பிறகு பஸ் ஓட்டினார். டிரைவர் பக்கத்தில் பெண்கள் உட்கார இடமில்லாத பஸ். இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கார் நிற்கிறது. யார் யாரோடு போகிறார்கள் என்று ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாம்பலை முந்தானையில் முடிகிறவர்களும் இல்லை, வரப்பில் நின்று சிரிக்கிறவர்களும் இல்லை.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். அவரைக் கொண்டுபோக ஒரு கார் வந்தது, பூவெல்லாம் சுற்றி. பெண்பிள்ளைகள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். யாரோ முன்பின் தெரியாத டிரைவர். அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.