கரும்பலகையில் எழுதிய பாஸ்வேர்டு

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் மெஷின் நம் பேச்சைக் கேட்காதது சின்னக் கஷ்டம். பிள்ளைகள் நம் பேச்சை அப்படியே கேட்பதுதான் பெரிய பயம். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் எடுக்கிறேன். காலையில் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே, நேற்று என்ன சொன்னோம், அதை யார் எப்படிச் செய்து வைத்திருப்பார்களோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ரைட்

பத்து மெஷினில் ஆறு ஓடுகிற லேப் எங்களுடையது. முதல் வகுப்பில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். இடது பக்கம் அமுக்கினால் கிளிக், வலது பக்கம் அமுக்கினால் ரைட் கிளிக். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றைச் சொல்லி முடித்ததும் கண்டக்டர் மாதிரி "ரைட்" என்பேன். பல வருடம் திருச்சி ரோட்டுப் பஸ்ஸிலேயே போய்வந்தால் அப்படித்தான் ஆகும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பாண்டீஸ்வரி என்கிற பிள்ளையின் திரையில் பெட்டி பெட்டியாக ஏதோ திறந்து திறந்து மூடுகிறது. வைரஸ்தான் என்று முடிவுகட்டி, ஓடிப்போய் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, மற்ற மெஷின்களையும் அணைக்கச் சொல்லிக் கத்தினேன். பாண்டீஸ்வரி மவுஸிலிருந்து கையை எடுக்காமலே என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்க ரைட்டு ரைட்டுன்னு சொல்றப்பல்லாம் அமுக்குனேன் மிஸ். கை வலிக்குது, போதுமா?"

கேட்டால் இல்லையென்று சொல்லாத பிள்ளை

இரண்டு மாதம் கழித்து இன்டர்நெட் பாதுகாப்பு எடுத்தேன். தெரியாத இடத்தில் பேர், ஊர், போன் நம்பர் கொடுக்கக்கூடாது என்று மூன்று பீரியட் சொன்னேன். நான்காவது பீரியடில் அதே பாண்டீஸ்வரியின் திரையில் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு பெட்டி வந்து நம்பர் கேட்டிருக்கிறது. அவளும் கொடுத்துவிட்டாள். ஒன்றல்ல, இரண்டு. அந்த நிமிஷமே அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அம்மாவைப் பிடித்து, யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஒரு நம்பர் போதாதென்று எதற்கடி இரண்டு என்று கேட்டேன்.

"அப்பா போன் வயக்காட்டுல எடுக்காது மிஸ். அவுக பாவம் கூப்புட்டுக் கூப்புட்டு ஏமாந்துறக் கூடாதுல்ல, அதான் அம்மா நம்பரையும் குடுத்தேன்."

நம்ம ஸ்டாப்பு

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லக்கூடாது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். எங்கள் கிளார்க் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, எதிர் அறையில் மெஷின் முன்னால் இருந்த இன்னொரு சாருக்கு ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, இரண்டு தடவை, வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார். கடைசி எண்ணைச் சரியாகக் கேட்காத சாருக்கு வராண்டாவில் போன ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எடுத்துக்கொடுத்தார்கள். நான் ஓடிப்போய்ச் சுவரைக் காட்டினேன். அவர் நிதானமாக ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லலையே டீச்சர், நம்ம ஸ்டாப்புக்குள்ளதான சொன்னேன்."

டிக்

இனி நானே செய்த தப்பு. நல்ல பாஸ்வேர்டு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு உதாரணமாக ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். கண்மாய் என்று ஆங்கிலத்தில், முதல் எழுத்து பெரிது, பிறகு ஒரு நட்சத்திரக் குறி, பிறகு நாலு எண். இது மாதிரி உங்களுக்கென்று ஒன்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாதக்கடைசியில் நோட்டுக் கட்டு வந்தது. நம் எல்லோருக்கும் தெரியும், நோட்டுத் திருத்துவது என்றால் டிக் போடுவது. முத்துமாரி என்கிற பிள்ளையின் பக்கத்தில் மட்டும் அந்த உதாரணம் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி விட்டிருந்தது கண்ணில் பட்டு, 'முழுமையாக எழுதவும்' என்று சிவப்பு மையில் எழுதினேன். மற்ற முப்பத்தொரு நோட்டுக்கும் டிக், கையெழுத்து.

பரீட்சை நெருக்கத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. முப்பத்தொரு பேரும் அந்தக் கண்மாயையே தங்கள் எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். பாண்டீஸ்வரி நோட்டில் நட்சத்திரத்துக்குக் கலர் கூடக் கொடுத்திருந்தாள். எல்லோரும் இன்றைக்கே மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். அவள்தான் எழுந்து நின்றாள்.

"டிக் போட்டீங்கல்ல மிஸ், இப்ப மாத்துனா தப்பாயிரும்ல."

எதையும் எடுக்காத களவாணி

ரிசல்ட் வந்தது. கல்லூரி விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில் போட வேண்டும் என்பதால் லீவிலும் லேப்பைத் திறந்துவைத்துத் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். முத்துமாரி மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியைப் போட்டிருந்தாள். அவள் அப்பா கருப்பையா நிலத்தில் கடலை விதைக்கிற சம்சாரி. சாயங்காலம் வீடு திரும்புகிற தூரம் என்றால் படிக்கட்டும், இல்லையென்றால் படித்தவரை போதும் என்று சொல்லியிருந்தார்.

கடைசி நாள். ஐந்து மணிக்கு மேல் விண்ணப்பத்தைத் தொட முடியாது. நாலு மணிக்கு அவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே முத்துமாரி. நீங்கள் தேர்ந்தெடுத்த கல்லூரி மாற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் மெசேஜ். "எவனோ உள்ள பூந்துட்டானாம் டீச்சர். நீங்க சொல்லுவீகளாம்ல, அந்தக் களவாணிப் பயலுகதான்னு பிள்ள சொல்லுது" என்றார்.

கரும்பலகையில் நான் எழுதியது ஊருக்கே தெரியும். இந்தப் பிள்ளையின் படிப்பு என்னால் போய்விட்டது என்றே நினைத்தேன். இவளும் மற்றவர்களைப் போல அதையே வைத்திருப்பாள் என்று, அவள் விண்ணப்பத்துக்குள் நுழைய அந்தக் கண்மாயை அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு.

"நான் வேற வச்சிருக்கேன் மிஸ்" என்றாள் முத்துமாரி. அவள் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரையில் திருச்சியில் ஒரு கல்லூரி வந்தது. ஹாஸ்டல் வேண்டும் என்பதற்கும் டிக்.

கருப்பையா தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். இந்தப் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாது மிஸ். சொல்லக்கூடாதுல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவளுக்கு உறைத்தது. குரலை இறக்கிக்கொண்டாள். "மதுரைன்னா தெனமும் வந்து மாடு பாக்கணும், சோறாக்கணும். ஹாஸ்டல்னா படிக்கலாம் மிஸ். திருடன் பூட்டிட்டுப் போயிட்டான், இனிமே மாத்த முடியாதுன்னு அப்பாகிட்ட நீங்க சொல்லிருங்க."

உண்மையைச் சொன்னால் அவர் படிப்பையே நிறுத்திவிடுவார். பொய் சொன்னால் நான் என்ன டீச்சர். அவர் உள்ளே வந்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது.

"பேரு, மார்க்கு, போன் நம்பரு அம்புட்டும் அப்பிடியே இருக்கா டீச்சர்?"

"இருக்குண்ணே."

"ஒன்னையும் எடுக்கல. ஹாஸ்டலுக்கு மட்டும் டிக் போட்டுட்டுப் போயிருக்கான்" என்று திரையில் அந்த டிக்கைத் தொட்டுக் காட்டினார்.

நான், "வெளியாள் யாரும் வரலண்ணே. மாத்தணும்னா இப்பவும் மாத்தலாம்" என்றேன். முத்துமாரி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மவுஸைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மகளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"அந்தக் களவாணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர், திருச்சி ஹாஸ்டல்ல பிள்ளைகளுக்கு ராச்சோறு ஒழுங்காப் போடுவாகளான்னு."

வருடம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியதில் பாஸ்வேர்டுப் பாடம் முப்பத்திரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் ஏறியது, களவு போனதும் அந்த ஒருத்தி விண்ணப்பத்தில்தான்.