கழிப்பறைக்குப் பக்கத்துக் கவுண்டர்

தகவல் கவுண்டரில் உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

மீதிப் பேருக்காகத்தான் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அரசாங்கக் கோப்பில் உள்ளதை யாரும் பாரம் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். பாரம் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கும், அப்படிக் காத்திருப்பவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

*ஏழரை மணிச் சேவல்*

ஜெலுத்தோங்கிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். அவர் வளர்க்கும் சேவல் மீது யாரோ புகார் எழுதிப்போட்டு, அதிகாரிகள் வீட்டுக்கே வந்து எச்சரித்துவிட்டார்களாம். புகார்க் கடிதத்தின் நகல் வேண்டும் என்றார். கொடுக்கலாம். ஆனால் எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது. நானே மார்க்கர் பேனாவால் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாவற்றையும் கறுப்படித்து, அதையும் நகல் எடுத்து, அந்த நகலைத்தான் கொடுத்தேன்.

அக்கா காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை நிதானமாகப் படித்தார். 'இந்தச் சேவல் காலையில் மட்டுமல்ல, ராத்திரி ஏழரை மணிக்கு நாங்கள் டிவியில் தமிழ் நாடகம் பார்க்கும்போதும் கூவுகிறது' என்ற வரி வந்ததும் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"எங்க வரிசையில ஏழரை மணி நாடகம் பாக்குறது ரெண்டே வீடு, தங்கச்சி. அதுல ஒண்ணு என் வீடு."

*எல்லாமே ரகசியம்*

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆரோக்கியசாமி சார் கேட்டது சின்ன விஷயம். அவர் வீட்டுக்கு எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தை ஏன் தள்ளி வைத்தார்கள்? அந்தக் கூட்டக் குறிப்பு வேண்டும். கோப்பை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் 'சூலிட்' என்று சாப்பு முத்திரை. மலாயில் ரகசியம் என்று அர்த்தம். எனக்கு வியர்த்துவிட்டது. மேலே அனுப்பினேன். மேலே இருந்தவர் தனக்கு மேலே அனுப்பினார். சார் வாரா வாரம் ஊன்றுகோலோடு வந்து, "பஸ் நிறுத்தத்துல அப்படி என்னம்மா ரகசியம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடைசியில் அனுமதி வந்தது. மரத்தின் வேர் தரையைப் பிளந்துவிட்டதாம். அதனால் நாற்பது அடி தள்ளி வைத்தார்களாம். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில், வரும் கூட்டத்துக்கு என்ன பலகாரம் வாங்குவது என்ற பட்டியல். கறி பப் உட்பட அதற்கும் சூலிட். கோப்பு அறையில் வேலை பார்க்கும் குமாரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"அந்தச் சாதாரண சாப்புல மை காஞ்சுபோச்சுக்கா, இதுலதான் நல்லா விழுது லா."

*பதினாறு துண்டு*

நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் காதர் பாய், தன் கடை வாசலில் நடக்கப்போகும் சாலை வேலையின் வரைபடம் கேட்டார். வரைபடம் படுக்கிற பாய் அளவு பெரிது. எங்கள் நகல் இயந்திரம் சின்னது. பதினாறு துண்டாக எடுக்க வேண்டியிருந்தது. பாய் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒட்டவைக்க ஆரம்பித்தார். வரிசையில் நின்ற சீனப் பெரியவர் ஒருவரும் குனிந்து, மலாயில் யோசனை சொன்னார். பதினைந்து துண்டு சேர்ந்தது. ஒன்று மட்டும் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டிருந்தது.

"ரோடு வருது, கால்வா வருது, லைட்டுக் கம்பம்கூட வருது. என் கடை மட்டும் உங்க மிஷின் வயித்துல இருக்கு, தங்கச்சி!"

*கோப்பு எண் என்ன?*

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் மண்பாதை வழியாக நடந்து போவார்கள். பக்கத்து நிலத்தில் வீடு கட்ட வந்தவர்கள் பாதை தங்களுடையது என்று வேலி போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் லாரி ஓடும் பெரிய சாலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. லாரிக்கு ஒதுங்கப்போய் ஒரு பிள்ளை கால்வாயில் விழுந்து முழங்காலில் தையல். அந்தப் பிள்ளையின் அம்மா சரசு, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள், பாதை யாருடையது என்று கேட்டுப் பாரம் போட்டாள். 'கோப்பு எண்ணைக் குறிப்பிடவும்' என்று நாங்கள் திருப்பி அனுப்பினோம். கடிதத்தை டைப் செய்தது நான்தான்.

ஷிப்ட் முடித்து, மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி, கையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். "நம்பர் தெரியணும்னா கோப்பைப் பாக்கணும். கோப்பைப் பாக்கணும்னா நம்பர் வேணும். நான் என்னக்கா செய்யட்டும்?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாரத்தை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியிடம் போய், "நம்பர் உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன். தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல் அவரே அலமாரியில் தேட இறங்கினார். ஒன்றரை மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் தூசியோடு ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பழைய வரைபடத்தில் அந்தப் பாதை அரசாங்கச் சாலைக்கு ஒதுக்கிய நிலம் என்று தெளிவாக இருந்தது. யாருக்கும் விற்கப்படவே இல்லை. முறைப்படி அனுமதி வாங்கி நகலைச் சரசுவிடம் நீட்டினேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெற்றோர்கள் அதைக் கொண்டுபோய் நில அலுவலகத்தில் நின்றார்கள். மூன்றாவது வாரம் வேலியை எடுத்துவிட்டார்கள். சரசு ஃபோன் செய்தாள்.

"இன்னைக்குப் புள்ளைங்க அந்த வழியாவே போனாங்கக்கா. அடுத்து பள்ளிக்கூடக் கூரை ரிப்போர்ட் கேக்கப் போறேன், உங்க சாரை இப்பவே தேட ஆரம்பிக்கச் சொல்லுங்க லா."

தகவல் பெறுவது மக்களின் உரிமை என்று சட்டம் சொல்கிறது; அந்த உரிமைக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, நான் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.