பட்டி பூசிய வேன்

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார் அவர். புருவமெல்லாம் துருத்தூள். எந்த வண்டி வந்தாலும் விரல் முட்டியால் தகரத்தைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

என் பழைய சரக்கு வேன் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. “புதுத் தகரம் வேணாம். பட்டி பூசி பெயின்ட் அடிச்சுடுங்க. என் வரப்ப வெட்டி சேத்துக்கிட்டான் பாருங்க, அந்தப் பங்காளி தலையில புரோக்கர வச்சு கட்டப்போறேன்” என்றேன்.

அவர் தட்டியதும் பழைய பட்டி பெயர்ந்து விழுந்தது.

“இதுவும் நான் பூசினதுதான். உங்களுக்கு வித்தவரு, ‘ஆவாத ஆளுக்குப் போவுது, நல்லா மூடிவுடு’ன்னாரு.”

விழுந்த பட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, “பூசுங்க” என்றேன்.

விற்றவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பங்காளிக்கு அந்தக் குழப்பம் வராது. ஓட்டை விழுந்ததும் அவனும் இந்தப் பட்டறைக்காரரிடம்தான் போவான். கேட்காமலே வரப்புக் கதையைச் சொல்லிவிடுவார்.