தொப்பி என்ரதான், அண்ணை

காலமை வேலைக்குப் போற பஸ்ஸில, மல்வேர்ன் ஸ்ரொப்பில ஏறின தெரிஞ்ச அண்ணை ஒருத்தர் நான் போட்டிருந்த தொப்பியை, பந்தைக் கையால எறிஞ்சு விளையாடுற புட்போல் ரீம் ஒண்டின்ர தொப்பியை, பாத்திட்டுக் கேட்டார்: "என்ன தங்கச்சி, மனுசன்ர தொப்பியோ?"

"இல்லை அண்ணை, என்ர" எண்டன்.

அது அவற்ற காதில விழேல்லை. "புது ஒஃபென்சிவ் கோர்டினேற்றர் வந்திட்டான். எப்பிடிப் பந்தைக் கொண்டுபோறதெண்டு இனி அவன்தான் திட்டம் போடுறது. ஒவ்வொரு முறையும் பந்து நீட்டுக்குத்தான் பறக்கும், இருந்து பாருங்கோ."

"எப்பிடி அண்ணை? நீட்டுக்கு எறிய, பந்தை எறியிற குவார்ட்டர்பாக்குக்கு நேரம் வேணும். முன்னுக்கு நிக்கிற எங்கட ஆக்கள் ஒருத்தனையும் மறிக்கிறாங்கள் இல்லை. புது ஆளுக்கு மூளை இருந்தால், கிட்டக் கிட்ட, கெதியா எறியத்தான் வைப்பான்."

அண்ணை சின்னப்பிள்ளையைப் பாத்துச் சிரிக்கிற மாதிரிச் சிரிச்சார். "உது உங்களுக்கு விளங்காது தங்கச்சி. நான் உங்கட அவரோட கதைக்கிறன்."

கதைச்சும் போட்டார்!

மத்தியானம் மனுசனிட்ட இருந்து மெசேஜ்: "அண்ணை புது கோர்டினேற்றரைப் பற்றிக் கேக்கிறார். அது ஆர்? நான் என்ன சொல்ல?"

என்ர மனுசனுக்கு அந்தப் பந்து உருண்டையோ நீளமோ எண்டே தெரியாது. நான் பஸ்ஸில அண்ணைக்குச் சொன்னதை அப்பிடியே ரைப் பண்ணி அனுப்பினன். அவர் ஒரு எழுத்தும் மாத்தாமல் அண்ணைக்கு அனுப்பினார்.

அண்ணையின்ர பதில் இப்பதான் வந்தது:

"சரியாச் சொன்னீர் தம்பி! உதைத்தான் காலமை உம்மட மனுசிக்கு விளங்கப்படுத்தப் பாத்தனான்."

தொப்பியையும் மனுசனிட்டயே குடுத்திடட்டோ, சொல்லுங்கோ.